கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

காலைல செங்கல்பட்டுல இருந்து பீச் போற வண்டில, வண்டலூர்ல ஏறுற ஒருத்தனுக்கு உக்கார இடம் கிடைக்கிறது லாட்டரி அடிக்கிற மாதிரி. (தமிழ்நாட்ல லாட்டரிய 2003-லயே தடை பண்ணிட்டாங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் தினமும் குலுக்கல் நடக்குது.) போன மாசம் ஒரு நாள் எனக்கு அடிச்சுது. ஜன்னலோரம் எல்லாம் இல்ல, மூணு பேர் சீட்ல ஓரத்து ஆள். ஆறுதல் பரிசுதான். அதுவே பெருசுன்னு பையை மடில வெச்சு கண்ணை மூடினேன்.

தாம்பரத்துல கும்பல் ஏறுச்சு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வந்து நின்னவர் என் தோளைத் தொட்டார்.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

பண்ணிக்கிட்டேன். அவர் எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவுல இறங்கிட்டார். கிண்டி வரைக்கும் எனக்குப் பாதி உடம்பு சீட்ல, மீதி அந்தரத்துல. அவர் பாட்டுக்கு ஃபோன்ல நேத்து ராத்திரி சீரியலைப் பார்த்துக்கிட்டே வந்தார், சத்தமா. கிண்டில இறங்கி, மரத்துப்போன காலை இழுத்துக்கிட்டு நடக்கும்போது ஒரு சந்தேகம். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன், சரி. அவர் பண்ணினதுக்கு என்ன பேரு?

மக்களே, அன்னிக்கு ஆபீஸ்ல ஒரு ஆணியும் புடுங்கல. முழுக்க இதே யோசனைதான். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. அட்ஜஸ்ட்டுங்கற அந்த ஒத்தைச் சொல்லு மேல எனக்கு இப்ப கொலைவெறி.

இங்கிலீஷ்லயே அதிக அர்த்தம் உள்ள சொல்லு எதுன்னு ஒரு கேள்வி வரும், க்விஸ்ல கேப்பாங்க. ரொம்ப நாளா 'செட்'னு பதில் சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க உக்காந்து எண்ணினதுல 'ரன்'ங்கற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் வந்துச்சாம். வரட்டும். அவங்க எண்ணினது அவங்க ஊரு இங்கிலீஷை. நம்மூர்ல வந்து எண்ணியிருந்தா அட்ஜஸ்ட்டுதான் கப் வாங்கியிருக்கும்.

மெஸ்ல பத்து பேருக்கு வெச்ச ரசம், பதினாலு பேர் வந்துட்டாங்கன்னா மாஸ்டர் ஒரு சொம்பு வெந்நீரை ஊத்தி அட்ஜஸ்ட் பண்ணிடுவார். மளிகைக் கடைல ரெண்டு ரூபா சில்லறைக்குப் பதிலா ரெண்டு மிட்டாய், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி". (ஜிபே வந்து ஒழிச்ச ஒரே அட்ஜஸ்ட் இதுதான். அந்தப் புண்ணியம் அவங்களுக்கு.) கல்யாணத்துல பந்தி இலைக்கு நடுவுல இன்னொரு இலை. ஷேர் ஆட்டோல டிரைவர் சீட்டோட ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒண்ணு. கரண்ட் போனா அட்ஜஸ்ட், தண்ணி வரலேன்னா அட்ஜஸ்ட், ப்ராஜெக்ட்ல ஆள் குறைஞ்சா அட்ஜஸ்ட், அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்தினா இங்க நம்ம ராத்திரிச் சாப்பாடு அட்ஜஸ்ட். பத்தாங்கிளாஸ் பரீட்சைல முன்னாடி இருக்கறவன் பேப்பரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டறதும் அட்ஜஸ்ட்தான். சாராயத்துக்குக் காசு பத்தலேன்னு கேக்கறவனும், பையன் காலேஜ் ஃபீஸுக்குக் கேக்கற அப்பாவும் ஒரே சொல்லைத்தான் சொல்றாங்க: "ஒரு ரெண்டாயிரம் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?"

இதுல ஒரே ஒரு இடத்துலதான் அந்தச் சொல்லு யோக்கியமா இருக்குன்னு நெனைக்கிறேன். எங்க தெரு முனை மெக்கானிக் கடை. "அண்ணே, க்ளட்ச் டைட்டா இருக்கு"ன்னா அவர் கேபிள் முனைல இருக்கற நட்டைத் திருப்புவார், லீவரைப் பிடிச்சுப் பார்ப்பார், மறுபடி அரைச் சுத்து. பைக்கோட கையேட்டைப் பார்த்தீங்கன்னா அதுல அளவே போட்டிருக்கும். லீவர் முனைல 10-ல இருந்து 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா க்ளட்ச் ப்ளேட் தேயும், கூடினா கியர் சரியா விழாது. எதைத் திருப்பணும், எவ்வளவு திருப்பணும், எங்க நிறுத்தணும், எல்லாம் எழுதி வெச்சிருக்கு. நட்டு அதுக்கு மேல திரும்பலேன்னா மெக்கானிக் என்ன சொல்லுவார்? "இதுக்கு மேல அட்ஜஸ்ட் ஆகாது தம்பி, கேபிளை மாத்தணும்." இரும்புக்கு இருக்கற அந்த எல்லை மனுஷனுக்கு ஏன் கையேட்டுல போடல?

பொட்டி தட்டுறவன் பாஷைல சொல்றேன். ஆர்கியுமென்ட் கேக்கற ஃபங்ஷன்னா அதைக் குடுத்தே ஆகணும். யாரு, எதை, எவ்வளவு, எது வரைக்கும். குடுக்கலேன்னா கம்பைலர் மூஞ்சில அடிக்கும். நம்ம ஊரு அட்ஜஸ்ட்டுங்கற ஃபங்ஷனுக்கு மட்டும் ஆர்கியுமென்ட்டே கிடையாது. அதனாலதான் அதோட யாரும் ஆர்க்யூ பண்ண முடியறதில்ல.

இந்தச் சொல்லோட பூர்வீகத்தைத் தோண்டினேன். பழைய ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீன்ல 'யுக்ஸ்டா'ன்னா பக்கத்துல. ஒண்ணைக் கொண்டுபோய் இன்னொண்ணு பக்கத்துல சேர்க்கறதுதான் மூல அர்த்தம். பின்னாடி வந்தவங்க அதை 'ஜஸ்ட்'ங்கற நியாயத்தோட சேர்த்துக் குழப்பிட்டாங்க. அதாவது இந்தச் சொல்லுக்குள்ள நியாயம்னு ஒண்ணு தெரியுதே, அது பிறப்புல வந்தது இல்ல, பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டது. தாம்பரத்துல ஏறின அந்த சார் மாதிரி.

நியாயமான கேள்வி ஒண்ணு வரும். தமிழ்ல இதுக்குச் சொல்லே இல்லையா, அதனாலதான் இங்கிலீஷ்ல கேக்கறோமான்னு. இருக்கே! குவியல் குவியலா இருக்கு. 'நகருங்க' இருக்கு. 'விட்டுக்கொடுங்க' இருக்கு. 'பொறுத்துக்கோங்க' இருக்கு. 'சமாளி' இருக்கு. 'சரிக்கட்டு' இருக்கு. ஆனா ஒவ்வொண்ணையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. 'விட்டுக்கொடு'வுக்குள்ள ஒரு கொடு இருக்கு. கேக்கறவன் வாங்குறவன், நீ குடுக்கறவன்னு அது ஒத்துக்குது. வாங்கினவனுக்கு ஒரு நன்றிக்கடன் வந்துடும். 'பொறுத்துக்கோ'ன்னு சொன்னா உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். 'சரிக்கட்டு'ன்னா ஏற்கெனவே ஏதோ தப்பா இருக்குன்னு அர்த்தம். ரயில்ல அவர் நேர்த் தமிழ்ல கேட்டிருந்தா என்ன கேட்டிருக்கணும்? "சார், உங்க இடத்துல பாதிய எனக்குக் குடுங்க." கேட்டுப் பாருங்களேன். நாக்கு எழும்பாது. அதுக்குத்தான் அட்ஜஸ்ட்டு. கேக்கறவனோட கூச்சத்தை மறைக்கிற போர்வை அது. யாரு இழக்கறா, யாருக்கு லாபம்னு ரெண்டையும் மூடி வெச்சுடும். இழக்கறவனே தன் இஷ்டத்துக்கு ஏதோ செஞ்சுக்கிற மாதிரி, 'பண்ணிக்கோங்க'! அந்த 'க்கோ'வைக் கவனிச்சீங்களா? எனக்காகன்னு இல்லை, உனக்கே நீ பண்ணிக்கோ.

'அனுசரிச்சுப் போ'ன்னு பாட்டி காலத்துலயே சொல்லலையான்னு யாராவது கேப்பீங்க. சொன்னாங்க. அதுவும் இதே களவாணித்தனம்தான், ஒத்துக்கறேன். தமிழ் உத்தமம், இங்கிலீஷ் கெட்டதுன்னு சொல்ல வரல. அந்த வேலைய முன்னாடி சமஸ்கிருதம் பார்த்துச்சு, இப்ப இங்கிலீஷ் பார்க்குது. சொந்தச் சொல்லுல கேக்க வெக்கமா இருக்கற விஷயத்தை எப்பவுமே இரவல் சொல்லுலதான் கேட்டிருக்கோம் போல.

இன்னொண்ணு. யாரு யார்கிட்ட இதைச் சொல்றாங்கன்னு ஒரு வாரம் கவனிச்சேன். மேனேஜர் என்கிட்ட சொன்னார். நான் மேனேஜர்கிட்ட சொல்லல. ஹவுஸ் ஓனர் சொன்னார், குடித்தனக்காரர் சொல்லல. மாமியார் சொல்லுவாங்க, மருமக சொல்ல முடியாது. தண்ணி மாதிரி, மேல இருந்து கீழதான் பாயும். சமமா இருக்கற ரெண்டு பேர் நடுவுல இது எப்படி நடக்கும்னு பார்க்கணும்னா தேர்தல் நேரத்துல பாருங்க. அங்கயும் இங்கிலீஷ் பேப்பர்ல சீட் அட்ஜஸ்ட்மென்ட்னுதான் போடுவான். ஆனா தமிழ்ல அதுக்குப் பேரு தொகுதிப் பங்கீடு. குழு போட்டு, நாள் கணக்கா உக்காந்து, கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் காட்டுவாங்க. 2019, 2024 ரெண்டு மக்களவைத் தேர்தல்லயும் திமுக கூட்டணில காங்கிரசுக்கு இங்க 9, புதுச்சேரி 1. கொஞ்சம்னு ஒரு சொல்லு உண்டா அதுல? எண்ணிக்கை. பலம் இருக்கறவங்க அட்ஜஸ்ட் பண்ணினா அதுக்கு எண்ணிக்கை இருக்கும். இல்லாதவங்களுக்குத்தான் 'கொஞ்சம்'.

வீட்டு வாடகைக் கதையைச் சொல்லாம விட்டா என் வயிறு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப இருக்கற வீட்டுக்கு முன்னாடி, பெருங்களத்தூர் பக்கம் ஒரு வீட்ல இருந்தோம். பத்து மாச அட்வான்ஸ். 2019 பிப்ரவரி 22-ல இருந்து தமிழ்நாட்ல புது வாடகைச் சட்டம் நடைமுறைல இருக்கு, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. நான் பெரிய இவனாட்டம் அதை எடுத்துச் சொன்னேன். ஓனர் சிரிச்சார். "அதெல்லாம் சட்டத்துல தம்பி. இங்க எல்லாருமே பத்துதான். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." வீட்டுக்கு வந்து சட்டத்தை முழுசாப் படிச்சா, 'வேறு விதமான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்'னு ஒரு வரி உக்காந்திருக்கு. அட்ஜஸ்ட்டு நுழையறதுக்குன்னே ஒரு ஜன்னல் வெச்சுக் கட்டின சட்டம்! காலி பண்ணும்போது ஒரு மாச வாடகையப் பெயின்ட்டுக்கு 'அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்'னார். பார்த்தீங்களா, காசு அவர் பக்கம் போகும்போது மட்டும் வினை மாறுது. நான் பண்ணிக்கணும், அவர் பண்ணிட்டார்.

எங்க ஊர்ல ஒரு பெரிய மனுஷத்தன்மையான உதாரணம் இருக்கு. மிருகக்காட்சிசாலை. 1855-ல ஆரம்பிச்ச சென்னை மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்துல பார்க் டவுன்ல நெருக்கடில கிடந்துச்சு. இடம் பத்தல, வண்டிச் சத்தம், புகைன்னு சொல்லி, வண்டலூர் காட்டுல ஆயிரம் ஏக்கருக்கு மேல ஒதுக்கி, 1985 ஜூலைல இங்க திறந்தாங்க. ஒருத்தரும் புலி கூண்டுக்கு முன்னாடி போய், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, இன்னொரு புலி வருது"ன்னு சொல்லல. சொல்லியிருந்தா அது என்ன பதில் குடுத்திருக்கும்னு தெரியும், அதனாலயோ என்னவோ.

அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி கிளாம்பாக்கம். சுமார் 88 ஏக்கர்ல பேருந்து முனையம். 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தாங்க. நல்ல கட்டடம், குறை சொல்லல. எதிர்த்தாப்புல ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டினா தண்டவாளம். அதுல நிமிஷத்துக்கு ஒரு வண்டி போற மாதிரி இருக்கும். ஆனா திறந்த அன்னிக்கு அங்க ஒரு ரயில் நிலையம் இல்லை. மதுரைல இருந்து, திருநெல்வேலில இருந்து ராத்திரி பூரா உக்காந்து வந்து, விடிகாலைல இறங்கி, மூட்டை முடிச்சு, தூங்குற குழந்தையோட, ஒண்ணு வண்டலூருக்கு இல்ல ஊரப்பாக்கத்துக்கு வந்து ரயில் பிடிக்க வேண்டியிருந்துச்சு. எங்க வீட்டு மாடில நின்னா அந்த ஊர்வலம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "புதுசா வந்தா அப்படித்தான் தம்பி, கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணணும்." கொஞ்ச நாள்னா எவ்வளவு? கோயம்பேட்டை 2002 நவம்பர்ல திறந்தாங்க. அங்க மெட்ரோ வந்தது 2015 ஜூன்ல. பன்னெண்டரை வருஷம். கொஞ்ச நாள்!

ஆட்டோக்காரர் கேக்கற காசுக்கு முன்னாடி அந்தப் பாட்டி முழிக்கிறாங்களே, அவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறதால மிச்சமாகுற காசு யாரோடது? திட்டம் போட்டவங்க செய்யாம விட்ட வேலைய அந்தப் பாட்டி தலைல சுமக்கறாங்க, சும்மா இல்ல, மெய்யாவே தலைல.

பெங்களூர்ல என் காலேஜ் கூட்டாளி இருக்கான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு எழுதின டீ-ஷர்ட் போட்டுக்கிட்டுத் திரிவான். இது நம்ம நாட்டுக் கலாசாரம்டா, இத்தனை கோடிப் பேர் இவ்வளவு இடத்துல வாழறதே இதனாலதான், வெள்ளைக்காரனுக்கு இது வராது அப்படின்னு ஒரு பேருரை ஆத்துவான். நானும் ரொம்ப நாள் தலையாட்டியிருக்கேன். இப்ப ஆட்ட மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை நெனைச்சுப் பார்க்கறேன். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாத்துத் தண்ணில முழுகிக் கிடந்தப்ப, மேட்டுல இருந்தவங்க முன்பின் தெரியாதவங்களை வீட்டுக்குள்ள கூட்டி வந்து வெச்சுக்கிட்டாங்க. நான் அப்ப காலேஜ். எங்க வீட்டு ஹால்ல ரெண்டு குடும்பம் படுத்துச்சு. அம்மா அவங்ககிட்ட சொன்னது "உள்ள வாங்க, ஈரத்தைத் துடைங்க, மொதல்ல சாப்பிடுங்க". யாரும் யாரையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லல. குடுக்கறவங்களுக்கு இந்தச் சொல்லே தேவைப்படறதில்ல மக்களே. இது வாங்குறவன் பாஷை.

இதுவரைக்கும் எழுதினது எல்லாம் காலு மரத்துப்போன கடுப்புல எழுதினதுன்னே வெச்சுக்கலாம். இனிமே சொல்லப்போறதுதான் எழுத உக்காந்ததுக்குக் காரணம்.

கேரளாவுல சினிமாத்துறைப் பெண்களோட நிலைமையைப் பார்க்க 2017-ல நீதிபதி ஹேமா தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க. 2019 டிசம்பர்ல அறிக்கை குடுத்தாங்க. வெளில வந்தது 2024 ஆகஸ்ட்ல. (நாலரை வருஷம் அறிக்கையே அலமாரில அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.) அதுல, அட்ஜஸ்ட்மென்ட், காம்ப்ரமைஸ்னு ரெண்டு சொல்லு மலையாள சினிமாப் பெண்களுக்கு நல்லாப் பழக்கமானதுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. என்ன அர்த்தத்துலன்னு நான் விளக்க வேண்டியதில்லை. ரயில்ல என் தோளைத் தொட்டுக் கேட்ட அதே சொல்லு. ஒரு எழுத்துகூட மாறல. ஒரு அட்டூழியத்தைக் கேக்கறதுக்கும் அரை அடி இடம் கேக்கறதுக்கும் ஒரே சொல்லு போதும்னா, அந்தச் சொல்லுல ஏதோ கோளாறு இருக்குன்னு தோணலையா?

எங்க அக்கா என்னை விட நாலு வயசு மூத்தவ. கல்யாணம் ஆகிப் போன வீட்ல அவளுக்குச் சரியில்லைன்னு எங்களுக்கு அரசல் புரசலாத் தெரியும். கேட்டா "ஒண்ணுமில்லடா"ன்னுடுவா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, நான் கடைசி வண்டிக்கு முந்தின வண்டில வந்துக்கிட்டிருந்தேன். பெருங்களத்தூர் தாண்டும்போது ஃபோன். சம்பளம் போடற அக்கவுன்ட்டோட ஏடிஎம் கார்டைப் புடுங்கி வெச்சுக்கிட்டாராம். பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கிட்டுத்தான் வேலைக்குப் போறாளாம். "குட்டிய கூட்டிக்கிட்டு ஒரு மாசம் அங்க வந்து இருக்கட்டுமாடா?"ன்னு கேட்டா.

எனக்கு அப்ப தோணினது என்ன தெரியுமா? ஒத்தை பெட்ரூம் வீடு. அடுத்த வாரம் ரிலீஸ். அப்பாவுக்கு பிபி. தெருவுல என்ன சொல்லுவாங்க. இதுல எதையும் நான் அவகிட்ட சொல்லல. சொல்லியிருந்தாகூடப் பரவால்ல, உண்மையாவது இருந்திருக்கும். நான் சொன்னது, "தீபாவளி வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போக்கா."

ரெண்டு செகண்டு சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா, "எதைடா?"

கோவமா கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டா. கணக்குல புரியாத ஒரு படியைக் கேக்கற மாதிரி. எதை அட்ஜஸ்ட் பண்ணணும்? காசையா, வேலையையா, தன்னையா? என்கிட்ட பதில் இல்ல. வண்டலூர் வந்துடுச்சு, இறங்கணும், அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன்.

அந்த அப்புறம் எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. ஒரு பை, குட்டி, ஸ்கூல் யூனிஃபார்மோட. அவ கைல என்ன இருந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன். அம்மா அதைப் பார்த்துட்டு சமையக்கட்டுக்குள்ள போய் ரொம்ப நேரம் வெளில வரல.

தேசிய குடும்ப நல ஆய்வுன்னு ஒண்ணு எடுக்கறாங்க. 2019-21 கணக்குல, தமிழ்நாட்ல கல்யாணம் ஆன பெண்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன்கிட்ட வன்முறையை அனுபவிச்சிருக்காங்க. அந்த 38 பேரும் யார்கிட்டயாவது ஃபோன் பண்ணியிருப்பாங்க இல்லையா? அம்மாவுக்கு, தம்பிக்கு, கூட வேலை பார்க்கறவளுக்கு. அவங்க எல்லாரும் என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கேனே.

இத்தனைக்கும் 2005-லயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்தாச்சு, 2006 அக்டோபர்ல அமலுக்கும் வந்தாச்சு. அடிக்கறது மட்டும் இல்ல, காசைப் புடுங்கி வெச்சுக்கறதையும் அது வன்முறைன்னுதான் சொல்லுது. பொருளாதார வன்முறைன்னு அதுக்குத் தனியாப் பேரே வெச்சிருக்கு. 181-க்கு ஃபோன் பண்ணலாம். இதெல்லாம் அக்காவுக்காக அலைஞ்சப்பதான் நான் படிச்சேன். சட்டம் பேர் வெச்ச ஒண்ணுக்கு நான் அன்னிக்கு பேர் இல்லாத ஒரு சொல்லைக் குடுத்திருக்கேன். ஏடிஎம் கார்டைப் புடுங்கினது அவர். அதைக் கொஞ்சம்னு ஆக்கினது நான்.

அக்கா இப்ப எங்களோடதான். அதே ஒத்தை பெட்ரூம். நானும் அப்பாவும் ஹால்ல. குட்டி என் லேப்டாப் மேஜைல ஹோம்வொர்க் எழுதறா. கேஸ் நடக்குது, வாய்தா வாய்தாவா. சொந்தக்காரங்க வந்தா இன்னும், "ரெண்டு பக்கமும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா..."ன்னு ஆரம்பிக்கறாங்க. அப்பா, பிபி இருக்கற அதே அப்பா, போன வாரம் ஒரு பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார், "எதை அண்ணே?" பெரியப்பா காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

நானும் ஆபீஸ்ல என் டீம்ல இருக்கற பையன்கிட்ட இந்தச் சொல்லை விட்டுட்டேன். சுலபமா இல்ல. முந்தாநாள் கூட நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "சனிக்கிழமை காலைல பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நீ வரணும், நான் எஸ்டிமேட்ல தப்பு பண்ணிட்டேன், செவ்வாக்கிழமை லீவு எடுத்துக்கோ"ன்னு முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வேர்த்துடுச்சு. நான் தப்பு பண்ணிட்டேன்ங்கற அந்த மூணு சொல்லைத்தான் இத்தனை நாளா அட்ஜஸ்ட்டு எனக்காக முழுங்கிட்டு இருந்திருக்கு.

நேத்து மறுபடி சீட் கிடைச்சுது. ரெண்டாவது லாட்டரி. சானடோரியத்துல ஒரு அம்மா ஏறினாங்க, கைல ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர். "தம்பி, முட்டி வலிக்குது. பல்லாவரம் வரைக்கும் உக்காந்துக்கட்டாப்பா?"

எழுந்து நின்னேன். பல்லாவரத்துல இறங்கும்போது அந்தம்மா கைப்பிடியைப் பிடிச்சு எழுந்து, வேற யாரும் உக்காந்துடாதபடி சீட் மேல கவரை வெச்சுக்கிட்டு, என்னைத் தேடிக் கூப்பிட்டாங்க. "இந்தாப்பா, உன் எடம்."

டிஸ்கி: அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் அவ விஷயத்தை எழுதினேன். முழுசாப் படிச்சா. "எழுதுடா, ஆனா அந்த யூனிஃபார்ம் வரியை மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னா. "எவ்வளவுக்கா?"ன்னு கேட்டேன். ஸ்கேலைத் தூக்கிக்கிட்டுத் துரத்தினா. வரி அப்படியேதான் இருக்கு :)